பால்மாப் பேணிக் கொட்டைகள்

கையை வைத்தால் பூனைக்குட்டியின் முதுகைத் தடவியதுபோல் மெத்தென்றிருக்கும் அந்தப் பழுப்பு மயிர்ச் சுருளுக்குள்தான் செம்மஞ்சள் கொட்டைகள் இருந்தன. மன்னார்த்தீவில் எங்கள் வீட்டு வளவில் நின்ற சைக்கஸ் மரத்தைச் சொல்கிறேன். செத்தவீட்டு மலர்வளையத்துக்கு ஓலை கேட்டு வருகிறவர்கள் அதை "வளையப்பனை" என்பார்கள். எங்களுக்கு அது "அப்பான்ர பனை". கண்டியில் கடைச் சிப்பந்தியாக இருந்த அப்பா, கன்றாக மடியில் வைத்துக் கொண்டுவந்து நட்டது.

சண்டைக் காலத்தில், இடம் பார்த்துவிட்டு வந்து எங்களையும் கூட்டிப்போவதாகச் சொல்லி, அப்பா வள்ளமேறி அக்கரைக்கு, இந்தியாவுக்குப் போனார். பிறகு ஒரு தகவலும் இல்லை. அடுத்த வருடம் மரம் முதன்முதலாகக் கொட்டை பிடித்தபோது, அம்மா அதை அவர் அனுப்பிய சேதியாகவே எடுத்துக்கொண்டார். ஒவ்வொரு கொட்டையிலும் பெருவிரலால் சிலுவை போட்டு, பால்மா வந்த தகரப் பேணிகளில் மண் நிரப்பி ஊன்றி, "நல்லதண்ணி"க்கு நாங்கள் வரிசையில் நின்ற அந்தக் கோடையிலும் தவறாமல் தண்ணீர் ஊற்றினார். ஒன்றும் முளைக்கவில்லை.

காரணம் விஞ்ஞானப் பாடத்தில் கிடைத்தது. சைக்கஸ் ஒரு வித்துமூடியிலி, அதாவது பழம் மூடாத வெறும் வித்து. பூவும் வித்தும் இல்லாத பன்னச் செடிகள் இனம்பெருகத் தண்ணீரை நம்பிக் கிடக்க, இவை மகரந்தத்தைக் காற்றிடம் கொடுத்தனுப்பக் கற்றுக்கொண்டு காய்ந்த நிலத்திலும் குடியேறினவாம். ஆனால் சைக்கஸில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு, எங்களுடையது பெண். கெட்டிக்காரி என்ற நினைப்பில் ஓடிப்போய்ச் சொன்னேன்: "அம்மா, ஆண் மரத்தின்ர மகரந்தத்தைக் காத்துக் கொண்டுவந்தால்தான் இது முளைக்கும். இங்க ஆண் மரமே இல்லை."

அம்மா பேணிக்குத் தண்ணீர் ஊற்றியபடியே கேட்டார்:

"அக்கரையில இருக்குமெல்லோ பிள்ளை? கச்சான் காத்து அங்கயிருந்துதானே அடிக்குது. ஒருநாளைக்குக் கொண்டுவரும்."

மகரந்தம் அவ்வளவு தூரம் வராது என்று எனக்குத் தெரியும். முதலில் சொன்னதையும் திரும்ப விழுங்க வழியில்லை; அடுத்த பேணிக்கு நானே தண்ணீர் ஊற்றினேன்.

இன்று அந்த மரம் இல்லை. ஒரு மாரியில் கடல்நீர் ஏறிப் பட்டுப்போனது. வளவுக்கு அப்பால் காற்றாலைகள் சுழல்கின்றன. நான் பள்ளிக்கூடத்தில் அதே பாடத்தைத்தான் படிப்பிக்கிறேன். மகரந்தம் சேராத வித்து முளைக்காது என்று கரும்பலகையில் எழுதிவிட்டு வீட்டுக்கு வருவேன். படுக்கையில் கிடக்கும் அம்மாவின் யன்னலோரம் கடைசிப் பேணி இருக்கிறது.

"கச்சான் தொடங்கிட்டுதோ?" என்று கேட்பார்.

"ஓம் அம்மா" என்று சொல்லி, வேறென்ன செய்வதென்று தெரியாமல், பேணிக்குத் தண்ணீர் ஊற்றுகிறேன்.