பல்வலியின் ஆட்டமும் என் வயிற்றெரிச்சலும்

எங்கள் சதுரங்கக் குழுவை நடத்துகிற கண்ணாடிக் கடைக்காரர் என்னிடம் ஒரு வேலை கொடுத்தார். குழுவில் புதிதாகச் சேர்ந்திருப்பவள் எப்படி ஆடுகிறாள், எதில் கெட்டி, எதைத் திருத்திக்கொள்ள வேண்டும் என்று நாலு வரி எழுதி அனுப்பச் சொன்னார். "ஒரே வீட்டுல இருக்கீங்க, உங்களை விட யாருக்குத் தெரியும்?" என்றார். அந்தப் புதியவள் என் ஓரகத்தி, என் கணவருடைய தம்பி மனைவி. வீட்டில் அவள் சின்னவள், நான் பெரியவள். ஓரகத்தியின் பெருமையை எழுதித் தரும்படி இன்னொரு ஓரகத்தியிடம் கேட்கிற மனிதரை என்னவென்று சொல்வது? ஊருக்கெல்லாம் கண்ணாடி மாட்டுகிறார், தனக்கு ஒன்று மாட்டிக்கொள்ளத் தோன்றவில்லை.

எழுதினேன். குறைகள் மளமளவென்று ஒரு பக்கத்துக்கு வந்தன. நிறைகள் என்று போட்ட இடத்தில் வெகுநேரம் ஒன்றும் வரவில்லை. கடைசியில் "வேகம்" என்று ஒரே ஒரு வார்த்தை போட்டு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டேன். அந்த ஒரு வார்த்தையில் அடங்காததை எல்லாம் இங்கே சொல்கிறேன், ஏனென்றால் வேறு யாரிடமும் சொல்ல முடியாது.

முதலில் என்னைப் பற்றி. நான் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துகிறேன். நாள் முழுக்கக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அடுத்தவர் தப்பைத் தேடுவதுதான் என் பிழைப்பு. கல்லூரி நாட்களில் நான் சதுரங்க சாம்பியன். இந்த வீட்டுக்கு மருமகளாக வந்தபோது என்னோடு என் கோப்பைகளும் வந்தன, கூடத்து அலமாரியில் இன்னமும் இருக்கின்றன. வருகிறவர்களிடம் என் மாமியார், "பெரியவ பயங்கர மூளைக்காரி, அவகிட்ட வாய் கொடுக்காதீங்க" என்று அறிமுகம் செய்வார். எனக்கு அது போதுமானதாக இருந்தது. நகரத்து மகளிர் அணியில் ஒரு முறை எனக்கு இடம் கிடைத்தது. அப்போது மகள் வயிற்றில் இருந்தாள், பயணம் கூடவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதன் பிறகு அந்த அணியில் இடம் காலியாகவே இல்லை. இந்த வருடம்தான் ஒருத்தி வேலை மாற்றலாகி வேறு ஊர் போனாள். அந்த இடம் எனக்குத்தான் என்று நான் முடிவே கட்டிவிட்டேன். வெளியூர்ப் போட்டிகளுக்கென்று சக்கரம் வைத்த பெட்டி ஒன்றுகூட வாங்கியாயிற்று.

சின்னவள் பல் மருத்துவமனை ஒன்றில் வரவேற்பு மேசையில் இருக்கிறாள். உள்ளே டாக்டர் பல்லைக் குடைகிற சத்தம், வெளியே கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வரிசையாக நோயாளிகள். நடுவில் இவள், மேசைக்கு அடியில் போனை வைத்துக்கொண்டு மூன்று நிமிட ஆட்டம் ஆடுவாள். ஆளுக்கு மூன்றே நிமிடம், அதற்குள் ஜெயிக்க வேண்டும், இல்லாவிட்டால் தோல்வி. "ரெண்டு நிமிஷம் உட்காருங்க சார், இதோ கூப்பிடுவாங்க" என்று தேன் ஒழுகச் சொல்லிக்கொண்டே கீழே யாரோ ஒருவருடைய ராணியைப் பிடுங்கியிருப்பாள். இணையத்தில் அவள் வைத்துக்கொண்ட பெயர் பல்வலி. யானையும் ராணியும் எந்தக் கட்டத்தில் நிற்கும் என்பதையே கல்யாணத்துக்குப் பிறகு போனைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டாள். ஒரு புத்தகம் புரட்டியதில்லை. ஆனால் அவளுடைய ரேட்டிங் எண் என்னுடையதைத் தாண்டிப் போய் வெகுகாலம் ஆகிறது.

வயிறு எரியாமல் என்ன செய்யும்? சாப்பாட்டு மேசையில் என் கணவர், கட்டின மனைவி எதிரே உட்கார்ந்திருக்க, தம்பி மனைவியின் போனை எட்டி எட்டிப் பார்ப்பார். "அடேயப்பா, என்னமா வெட்டுறா பாரு." நான் பக்கத்தில் குழம்பு ஊற்றிக்கொண்டிருப்பேன். என் ஆட்டத்தை அவர் ஒரு நாளும் முழுசாகப் பார்த்ததில்லை. கேட்டால், "நீ ஒரு காயை நகர்த்துறதுக்குள்ள நான் ஒரு தூக்கம் போட்டுடுவேன்" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். சின்னவள் மட்டும், "சும்மா இருங்க மாமா, அக்கா ஆடுறதுதான் நிஜமான ஆட்டம்" என்பாள். அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரமாக வரும்.

அவள் ஆடிய ஆட்டங்கள் எல்லாம் அந்தச் சதுரங்க இணையதளத்தில் அப்படியே கிடக்கின்றன, யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாம். நான் அச்சகத்துக்குப் போகிற பேருந்தில் உட்கார்ந்து, மெய்ப்புத் தாளைப் பார்ப்பதுபோல ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ராஜாவைப் பத்திரமான மூலைக்குக் கொண்டுபோக வேண்டும் என்ற எண்ணமே அவளுக்குக் கிடையாது, அவர் பாட்டுக்கு நடுக்கூடத்தில் நிற்பார். குதிரையைத் தூக்கி எதிராளியின் வாயில் கொடுப்பாள். ஏன் என்று ஒரு தடவை கேட்டேன். "சும்மாதானே நின்னுட்டு இருந்துச்சு அக்கா" என்றாள். ஆட்டத்தின் முடிவில் காய்கள் குறைந்துவிட்டால் என்ன செய்வதென்று தெரியாமல் ராஜாவை உலாவ விடுவாள். அரை மணி நேர ஆட்டங்கள் கொஞ்சம் ஆடியிருக்கிறாள், அத்தனையும் தோல்வி. நேரம் தாராளமாக இருந்தால் அவளுக்குப் புத்தி தடுமாறுகிறது. முதலில் தோன்றுகிற நல்ல நகர்வை விட்டுவிட்டு, யோசித்து யோசித்து அதைவிட மட்டமான ஒன்றை ஆடுகிறாள்.

கடிகாரத்தில் ஒரு நிமிடத்துக்குக் கீழே வந்தால் மட்டும் வேறு ஆளாகிவிடுவாள். எனக்கு அது எப்படித் தெரியும் என்றால், நான் ஒரு பொய்ப் பெயரில் கணக்குத் தொடங்கி அவளோடு ஆடிப் பார்த்தேன். அவள் மாடி அறையில், நான் கீழே படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டு. மூன்று ஆட்டத்திலும் எனக்குத்தான் நல்ல நிலை, மூன்றிலும் கடைசி அரை நிமிடத்தில் என்னைச் சுருட்டி எடுத்துவிட்டாள். முடிந்ததும், "நல்லா ஆடினீங்க, நன்றி" என்று ஒரு செய்தி வேறு. அன்றைக்கு ராத்திரி அவள் தட்டில் இரண்டாவது கரண்டி நான் போடவில்லை.

நகரத்து அணிக்கும் ஆள் எடுப்பவர் கண்ணாடிக் கடைக்காரர்தான், காலியான இடத்துக்கு ஒரு தேர்வுப் போட்டி வைத்தார். கடைக்கு மேலே இருக்கிற கூடத்தில், மரப் பலகையும் நிஜக் காய்களும் இரட்டைக் கடிகாரமுமாக, ஆளுக்கு முப்பது நிமிடம். எனக்கு உள்ளூரக் குஷி. போனை விட்டு வெளியே வந்தால் அவள் கரையில் போட்ட மீன்தான் என்று நினைத்தேன். ஆனால் அரை மணி நேரம் இருப்பதையே சட்டை செய்யாமல், போனில் ஆடுவதுபோலவே சடசடவென்று ஆடி, முதல் சுற்றிலிருந்தே ஜெயித்துக்கொண்டு வந்தாள். ஒரே ஒரு கோளாறு, கடிகாரத்தை அமுக்க மறந்துவிடுவாள். போனில் காயை வைத்தவுடன் கடிகாரம் தானாக எதிராளி பக்கம் மாறிவிடும். இங்கே நாம்தான் பொத்தானைத் தட்ட வேண்டும், தட்டாவிட்டால் நம் நேரமே கரைந்துகொண்டிருக்கும். பக்கத்து மேசையிலிருந்து நான் பார்த்தேன், எதிரே உட்கார்ந்தவர்கள் எல்லோரும் அவளுக்கு விரலால் கடிகாரத்தைக் காட்டினார்கள். அவள் நாக்கைக் கடித்துக்கொண்டு தட்டுவாள். எல்லோரும் சிரிப்பார்கள். கண்ணாடிக் கடைக்காரர்கூட, "எதிராளி ஞாபகப்படுத்தணும்னு விதி கிடையாதும்மா, பார்த்துக்கோங்க" என்றார்.

கடைசிச் சுற்றில் நானும் அவளும். இருவருக்கும் ஒரே புள்ளி, ஜெயிப்பவளுக்கு அணியில் இடம். சமனில் முடித்துக்கொள்ளலாமா என்ற பேச்சுக்கே வழியில்லை.

"நல்லா ஆடுங்க அக்கா" என்று கை கொடுத்தாள். கை சில்லென்று இருந்தது.

அவள் வழக்கம்போல மடமடவென்று ஆடினாள். எனக்கு அவளுடைய ஆட்டம் மனப்பாடம், எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் எதிர்பார்த்தபடியே குதிரையைத் தூக்கி என் சிப்பாய் வெட்டுகிற கட்டத்தில் வைத்தாள். வெட்டினால் தாக்குதல் ஒன்று வரும், ஆனால் அதற்கான பதிலைப் பேருந்திலேயே கண்டுபிடித்து வைத்திருந்தேன். பேசாமல் வெட்டியிருக்கலாம், ஆட்டம் அங்கேயே என் கைக்கு வந்திருக்கும். கையைத் தூக்கும்போதுதான் பார்த்தேன், அவள் கடிகாரத்தை அமுக்கவில்லை. அவள் பக்கம்தான் ஓடிக்கொண்டிருந்தது.

கையை இறக்கிக்கொண்டேன். இரண்டு முழங்கையையும் மேசையில் ஊன்றி, நெற்றியைப் பிடித்துக்கொண்டு யோசிக்கிறவள்போல உட்கார்ந்தேன். தப்பு ஒன்றும் இல்லை, விதி அப்படித்தான் இருக்கிறது, அவரே வாயால் சொன்னார். அவளும் நான் யோசிக்கிறேன் என்று மரியாதையாகக் கையைக் கட்டிக்கொண்டு இருந்தாள். நான் எத்தனை மெதுவாக ஆடுபவள் என்பது உலகத்துக்கே தெரியும், அதனால் அவளுக்குச் சந்தேகம் வரக் காரணமில்லை. அவளுடைய இருபத்தைந்து நிமிடம் இருபதானது, பதினைந்தானது. பலகையில் என்ன இருக்கிறது என்பதையே நான் பார்க்கவில்லை. விரல் இடுக்கு வழியாக அந்த எண்கள் குறைவதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அத்தனை வருட வயிற்றெரிச்சலுக்கு அது எவ்வளவு இதமாக இருந்தது என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். பக்கத்து மேசைக்காரி ஆட்டம் முடிந்து எழுந்து வந்து எங்கள் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

மூன்று நிமிடம் மிச்சம் இருந்தபோது சின்னவள் கையை நீட்டிப் பொத்தானைத் தட்டினாள். முகத்தில் பதற்றமில்லை. நாக்கையும் கடித்துக்கொள்ளவில்லை.

எனக்கு இன்னும் இருபது நிமிடத்துக்கு மேல் இருந்தது. நிதானமாக ஆடினாலே போதும், எனக்கு அதுதானே கைவந்த கலை. ஆனால் அவளுடைய மூன்று நிமிடத்தையும் சீக்கிரம் தீர்த்துவிட வேண்டும் என்று எனக்கு வெறி வந்துவிட்டது. நான் யோசித்தால், என் நேரம் ஓடும்போதே அவளும் சேர்ந்து யோசிப்பாளே. குதிரையைச் சட்டென்று வெட்டினேன். அவள் உடனே ராணியைக் கொண்டு வந்தாள், டக்கென்று கடிகாரம். நானும் உடனே ஆடினேன், டக். என் வாழ்நாளில் நான் அவ்வளவு வேகமாக ஆடியதில்லை. பேருந்தில் கண்டுபிடித்து வைத்திருந்த பதில் எங்கே போனது என்றே தெரியவில்லை. மூன்று நிமிட ஆட்டம் ஆடத் தெரிந்தவளை நானே இழுத்து வந்து மூன்று நிமிட ஆட்டத்தில் உட்கார வைத்து, நானும் அதையே ஆடிக்கொண்டிருக்கிறேன் என்பது உறைக்கவே இல்லை. அவளுடைய இன்னொரு குதிரை எங்கிருந்தோ வந்து என் ராஜாவுக்கும் ராணிக்கும் ஒரே நேரத்தில் கொக்கி போட்டது. ராணி போனாள். அதற்கு மேல் ஆடுவது அசிங்கம் என்று ராஜாவைச் சாய்த்தேன். அவள் கடிகாரத்தில் இன்னும் ஒரு நிமிடம் மிச்சம் இருந்தது.

கண்ணாடிக் கடைக்காரர் அவள் கையைக் குலுக்கி, அணிச் சட்டைக்கு என்ன அளவு என்று கேட்டார். நான் கைப்பையில் எதையோ தேடுவதுபோலப் பாவனை செய்தேன்.

வீட்டில் ஒரே கொண்டாட்டம். என் கணவர் தம்பியின் முதுகில் தட்டினார், ஏதோ அவன் ஜெயித்த மாதிரி. என் மாமியார் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ரெண்டு பேருல யாரு போனா என்ன, ஒரே வீடுதானே" என்றார். சின்னவள், "அக்கா என்னைத் திணறடிச்சுட்டாங்க, ஏதோ கடைசியில தப்பிச்சேன்" என்று எல்லோரிடமும் சொன்னாள். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

பிறகு சமையலறையில் நாங்கள் இருவர் மட்டும். நான் பாத்திரம் தேய்க்க, அவள் அலம்பி அடுக்கிக்கொண்டிருந்தாள். குழாயை மூடிவிட்டுச் சொன்னாள்.

"அக்கா, பத்து நிமிஷம் இருக்கும்போதே பார்த்துட்டேன். கடிகாரம் என் பக்கம் ஓடுறதை."

"அப்பவே அமுக்க வேண்டியதுதானே" என்றேன்.

"நீங்க சொல்வீங்கன்னு உட்கார்ந்திருந்தேன். எல்லாரும் சொன்னாங்க இல்ல, அதான்." ஒரு தட்டை எடுத்துத் துடைத்தாள். "அப்புறம், சரி, அக்கா சொல்ல மாட்டாங்கன்னு தெரிஞ்சதும் அமுக்கிட்டேன்."

குரலில் கோபம் இருந்திருந்தால் பதிலுக்குச் சண்டை போட்டிருப்பேன், சண்டையில் நான் சோடை போனதில்லை. ஆனால் அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள், துணியை உதறிக் காயப்போட்டுவிட்டு மாடிக்குப் போய்விட்டாள். நான் தேய்த்த பாத்திரத்தையே திரும்பத் தேய்த்துக்கொண்டிருந்தேன். அணியில் இடம் போனது போகட்டும். அவள் நாற்காலியில் நான் உட்கார்ந்திருந்தால், ஓடுவதைப் பார்த்த அந்த நொடியே கடிகாரத்தைத் தட்டியிருப்பேன். எதிரே இருப்பவள் சொல்வாள் என்று ஒரு நிமிடம்கூட நம்பியிருக்க மாட்டேன். அவள் ஏழு நிமிடம் நம்பினாள், அதுவும் என்னை. அவளுடைய ரேட்டிங்கைப் பார்த்துக்கூட எனக்கு இப்படிப் பொறாமை வந்ததில்லை.