தகப்பன் வழி

ஜெசிக்காவுக்கு முப்பத்துநான்கு வயதில் கர்ப்பப்பையை எடுக்க வேண்டி வந்தது. உட்சவ்வில் புற்றுநோய். அவளது ஊரான கண்டக்குழியில் செய்தி பரவ முன்னமே, அது யார் பக்கத்து வருத்தம், யார் வழி வந்த நோய் என்ற கதை தொடங்கிவிட்டது. பதில் சொன்னவள் அவளது மாமி, தகப்பனின் தங்கை அனஸ்தாசியா.

"எங்கட வீட்டில இப்பிடி ஒண்டும் இல்ல. மச்சாள்ட தாயும் வயித்து வருத்தத்திலதானே செத்தவ."

மச்சாள் என்றது ஜெசிக்காவின் தாய் கத்தரினாவை. அவளுடைய தாய்க்கு வந்தது ஈரல் வீக்கம். ஆனாலும் கத்தரினா மறுத்துப் பேசவில்லை. பழி மெல்ல மெல்ல அவளுக்குள் இறங்கி, உண்மைபோல இருந்துகொண்டது. அனஸ்தாசியாவின் மூத்த மகளுக்குக் குழந்தை கிடைத்தபோது, தூக்கச் சொல்லி ஒருவரும் கத்தரினாவிடம் நீட்டவில்லை. அவளும் கை நீட்டவில்லை. கணவர் இன்னாசிப்பிள்ளை அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். பெண்களின் கதைக்குள் தான் ஏன் போவானென்று இருந்துவிட்டார்.

இந்த வயதில் இப்படி வருவது வழமையில்லை என்று கொழும்பு டொக்டர்மார் ஜெசிக்காவின் மரபணுவைப் பரிசோதித்தார்கள். பிழையொன்று அகப்பட்டது. எந்த வழியால் வந்ததென்று அறிய, பெற்றோர் இருவரிடமும் இரத்தம் எடுத்தார்கள். முடிவு சொல்லும் நாளில் கத்தரினா வரமாட்டேன் என்றாள்.

"எனக்குத் தெரிஞ்சதத்தானே சொல்லப் போறாங்க. நீங்க போயிற்று வாங்க."

டொக்டர் அம்மா தமிழில் நிதானமாகச் சொன்னாள்: "உங்கட மனைவிக்கு ஒண்டும் இல்ல ஐயா. இது உங்களிட்ட இருந்துதான் மகளுக்குப் போயிருக்கு."

"நான் ஆம்பிளையெல்லோ?"

"ஆம்பிளையளும் கடத்துவாங்க. ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. உங்களுக்குக் குடலில வரலாம், கமெரா விட்டுப் பாக்கவேணும். கூடப்பிறந்தவங்க இருக்கிறாங்களா?"

"இப்ப தங்கச்சி ஒராள்தான்," என்றார் இன்னாசிப்பிள்ளை. அவருடைய தாய் நாற்பத்தெட்டு வயதில், மூலம் என்று சொல்லி, இரத்தம் போய்ப் போயே செத்தவள். பெரியக்கா நாற்பத்தொன்றில். மாதக்கணக்காய் நிற்காத உதிரத்தோடு அவளை லொறியில் புத்தளம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது அவரும் அனஸ்தாசியாவும்தான். "எங்கட வீட்டில இல்ல" என்று தங்கை சொன்ன நேரமெல்லாம் இருவருக்கும் அது தெரிந்தே இருந்தது.

திரும்பி வரும் பஸ்ஸில், கூட வந்திருந்த ஜெசிக்கா சொன்னாள்: "அம்மாட்ட நீங்கதான் சொல்லவேணும் அப்பா. நான் சொல்லமாட்டன்."

முடிவு வர இன்னும் சுணங்குமாம் என்று வீட்டில் ஒரு பொய் சொன்னார். பதினொரு நாள் அந்தப் பொய்யோடு கிடந்தார். கடலில் வலை இழுக்கும்போதும், சோற்றுக்கோப்பைக்கு முன்னால் இருக்கும்போதும் அதுதான் நினைவு. பன்னிரண்டாம் நாள், கத்தரினா உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருக்கையில், கொடிக்கு இந்தப் பக்கம் நின்று சொல்லிமுடித்தார்.

அவள் கையிலிருந்த சட்டையை உதறிப் போட்டாள்.

"பெரியக்காட வருத்தம் உங்களுக்கு நினைவிருந்ததா?"

"ஓம்."

"என்னில பழி போட்ட இந்த ரெண்டு வருசமும்?"

அவள் அழவுமில்லை, ஏசவுமில்லை. வாளியைக் கவிழ்த்துவிட்டுச் சொன்னாள்: "தங்கச்சிட்ட போய்ச் சொல்லுங்க. அவளுக்கும் ரெண்டு பொம்பிளப் பிள்ளையள்."

அன்று பின்னேரமே போனார். அனஸ்தாசியா கதவைச் சாத்திவிட்டுத்தான் கேட்டாள்.

"சின்னவளுக்குச் சிலாபத்தில கல்யாணம் பேசி முடிஞ்சிற்று அண்ணன். இப்ப போய் இரத்தம் குடுக்கச் சொல்லுறீங்களா?"

"நேரத்தோட பாத்தா காப்பாத்தலாமாம். நீயும் போகவேணும்."

"அவளிட்ட ஒரு சொல்லுச் சொன்னீங்களெண்டா, எனக்கு அண்ணன் இல்ல."

தங்கையையும் பிள்ளைகளையும் நேரே கூப்பிடுவார்களா என்று ஆஸ்பத்திரியில் கேட்டுப் பார்த்தார். தாங்களாகப் போய் ஒருவரையும் கூப்பிட முடியாது, சொந்தக்காரர்தான் சொல்லவேண்டும் என்றார்கள். அவருக்குக் கமெரா விட்டு, குடலில் இருந்த சிறு கட்டிகள் இரண்டை எடுத்தார்கள். வருஷத்துக்கு ஒருமுறை வரச் சொன்னார்கள். வீட்டில் கத்தரினா சமைத்து வைத்தாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள். அதற்குமேல் கதை இல்லை.

தை மாதம் கல்யாணம். கத்தரினா போகவில்லை. இன்னாசிப்பிள்ளை போனார். கோயிலுக்குப் புறப்படமுன் மணப்பெண் வந்து அவர் முன் முழந்தாளிட்டாள். நெற்றியில் சிலுவை போட்ட விரலை எடுக்க முடியாமல் நின்றார். எதிரே அனஸ்தாசியா கண் வெட்டாமல் அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"என்ன மாமா, ஒரு மாதிரி இருக்கிறீங்க?"

"ஒண்டுமில்ல மகள்," என்றார்.