ஒரே தேதியில் பிறந்தவர்கள்

செவ்வாய்க்கிழமை காலை பத்து நாற்பதுக்கு என் கைப்பேசி அடித்தது. நேரம் இவ்வளவு துல்லியமாக நினைவிருப்பதற்குக் காரணம், பிறகு அந்த அழைப்புப் பட்டியலை எத்தனையோ முறை எடுத்துப் பார்த்திருக்கிறேன். பேசியவர், நாங்கள் மென்பொருள் செய்து கொடுத்திருந்த மருத்துவமனையின் பெண்கள் வார்டு நர்ஸ். "சார், முத்துலட்சுமின்னு ஒரு அம்மா கால்ல புண்ணும் காய்ச்சலுமா வந்திருக்காங்க. ஸ்கிரீன்ல ஒரு ஆளுக்கே ரெண்டு ஊர் காட்டுது. சீவலப்பேரின்னும் இருக்கு, கொற்கைன்னும் இருக்கு." நான் டீயை ஆற்றிக்கொண்டிருந்தேன். "பேரும் பிறந்த தேதியும் சரியா இருக்கா?" என்று கேட்டேன். இருக்கிறது என்றார். "அப்ப அதே ஆளுதாம்மா. ஊரு மாறிப் போயிருப்பாங்க. நான் பைய பாத்துச் சரி பண்ணுதேன்" என்றேன். முப்பத்தெட்டு வினாடிப் பேச்சு. டீ ஆறுவதற்கு முன்பே முடிந்துவிட்டது.

அந்தப் பதிலை எங்கள் அலுவலகத்தில் ஒருவர் மட்டும் சொல்லியிருக்க மாட்டார். அவரை எல்லோரும் டீச்சர் என்றுதான் கூப்பிடுவோம். சில வருடங்கள் பள்ளியில் கணக்குப் பாடம் எடுத்துவிட்டு, பாளையங்கோட்டையில் ஒரு மாடியில் இருந்த எங்கள் சின்ன நிறுவனத்துக்கு மென்பொருளைச் சோதித்துப் பார்க்கும் வேலைக்கு வந்தவர். என் வயதுதான். பன்னிரண்டு வருடம் எனக்கு எதிர் மேசையில் உட்கார்ந்திருந்தார். நான் நிரல் எழுதுவேன். அவர் அதை உடைப்பார். உடைந்ததும் ஒரு சிரிப்பு வரும் அவருக்கு. அந்தச் சிரிப்பைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பழகுவதற்கு இனிமையானவர் என்று சொல்ல மாட்டேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு, எல்லோரும் பையை எடுத்த பிறகு, "அண்ணாச்சி, இது படுத்துட்டு" என்பார்.

சோதனைக்கென்று அவரே கற்பனையாக எழுதிய ஒரு பட்டியல் அவரிடம் இருந்தது. முப்பது முத்துலட்சுமிகள். அதில் பாதிப் பேருக்குப் பிறந்த தேதி ஒன்றே, முன்னெழுத்தும் ஒன்றே. வித்தியாசம் ஊரிலும் தகப்பனார் பெயரிலும்தான். நாங்கள் எதைச் செய்து கொடுத்தாலும் அந்த முப்பது பேரையும் முதலில் உள்ளே அனுப்புவார். "உலகத்துல எங்கயாவது இப்படி இருக்குமா டீச்சர்?" என்று ஒருமுறை கேட்டேன். "உலகத்துல இருக்காது. நம்ம ஜில்லாவுல இருக்கும்" என்றார். அவருடைய அப்பா ஒரு மிஷன் பள்ளியில் தலைமையாசிரியராக இருந்தவர். பிள்ளையைச் சேர்க்க வருபவர்களுக்குப் பிறந்த தேதி தெரிந்திருக்காது. ஜூனில் பள்ளி திறக்கும்போது ஐந்து வயது நிறைந்திருக்க வேண்டும் என்பதற்காக அவரே மே மாதத்தில் ஒரு தேதியைப் போட்டுவிடுவார். பள்ளிக்கூட வாசலையே மிதிக்காதவர்களுக்கு, பிற்பாடு அடையாள அட்டை எடுக்க வந்த முகாமில், முகத்தைப் பார்த்து ஒரு வருடமும் ஜனவரி ஒன்றாம் தேதியும் போட்டார்கள். "எங்கப்பா ஒரு மே மாசத்துல பாதி ஊரையே பெத்துப் போட்டிருக்காரு அண்ணாச்சி. அந்தத் தேதிய நம்பி நீங்க ஒரு ஆளை அடையாளம் பிடிக்கப் போறீங்களா?" என்பார். எல்லோரும் சிரிப்போம். நானும் சிரித்திருக்கிறேன்.

பிறகு நிரலைத் தானே எழுதித் தரும் கருவிகள் வந்தன. அவற்றால் எங்களுக்கு நன்மை இல்லை என்று சொன்னால் நான் பொய்யன். என் மகள் பொறியியல் முடித்து எங்கள் அலுவலகத்திலேயே சேர்ந்திருந்தாள். ஒரே ஒரு பிழையைத் தேடி இரண்டு நாள் சோறு இறங்காமல் திரிந்த இளமை என்னுடையது. அவளுக்கு அப்படி ஒரு நாள்கூட வாய்க்கவில்லை. என்ன வேண்டும் என்று நான்கு வரி எழுதினால் போதும். திரையில் நிரல் கொட்டும். ஐந்து மணிக்கு வீட்டுக்குப் போனாள். நன்றாகத் தூங்கினாள். நான் பட்ட பாட்டை என் பிள்ளை படவில்லை என்று எனக்குப் பெருமையாகவே இருந்தது. பெற்றவனுக்கு அதைவிட என்ன வேண்டும் என்றுகூட நினைத்தேன்.

மருத்துவமனையில் ஒரே நோயாளியை மூன்று நான்கு முறை பதிந்து வைத்திருந்தார்கள். அவற்றை ஒன்றாகச் சேர்த்துத் தரும்படி கேட்டார்கள். நான் எழுதியிருந்தால் இரண்டு வாரம் ஆகியிருக்கும். மகள் மத்தியானச் சாப்பாட்டுக்குள் முடித்துவிட்டாள். நிரல் மட்டுமல்ல, அதைச் சோதிக்கும் சோதனைகளையும் கருவியே எழுதித் தந்திருந்தது. வரிசையாக எல்லாவற்றுக்கும் பச்சைக் குறி. "எல்லாம் பாஸ்பா" என்று திரையை என் பக்கம் திருப்பினாள். நானும் வாசித்தேன். அழகான நிரல். நான் எழுதுவதைவிடச் சுத்தமாக இருந்தது. பெயர், முன்னெழுத்து, பிறந்த தேதி மூன்றும் பொருந்தினால் ஒரே ஆள். சந்தேகப்பட என்ன இருக்கிறது? பெயருக்கு அடுத்தபடி பிறந்த தேதிதான் ஒரு மனிதனுக்கு உறுதியான அடையாளம் என்று அந்தக் கருவி எங்கோ கற்றிருக்கிறது. கற்ற இடத்தில் அது உண்மையாகவும் இருக்கலாம். டீச்சர் எட்டிப் பார்த்துவிட்டு, "பரீட்சை எழுதினவனே பேப்பரும் திருத்துதான். பாஸ் ஆகாம என்ன செய்வான்?" என்றார். மகள் முகம் சுண்டிப்போனது. எனக்குக் கோபம் வந்தது.

ஒரு மாதம் கழித்துச் சோதனைக்குத் தனியாக ஆள் தேவையில்லை என்று முதலாளி முடிவு செய்தார். அதை டீச்சரிடம் சொல்லும் வேலையை எனக்குக் கொடுத்தார். வார்த்தைகளை எப்படியெல்லாமோ மடித்து மடித்துச் சொன்னேன். அவர் பாதியிலேயே புரிந்துகொண்டார். "சரி அண்ணாச்சி, தண்ணி குடிங்க" என்றார். மேசையைச் சுத்தம் செய்யக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை. படியிறங்கும் முன் என் மகளிடம், "அந்த முப்பது பேரையும் உன் மெயிலுக்கு அனுப்பியிருக்கேன் பாத்துக்கோ" என்றார். அவள் அதைத் திறக்கவே இல்லை. திறக்கச் சொல்லி நானும் சொல்லவில்லை.

செவ்வாய்க்கிழமை நடந்தது இதுதான். சீவலப்பேரி முத்துலட்சுமிக்கு முன்னெழுத்து எஸ்; கணவர் பெயர் சுப்பையா. கொற்கை முத்துலட்சுமிக்கும் எஸ். தகப்பனார் பெயர் சண்முகம். இருவருக்கும் அட்டையில் ஒரே வருடம், ஜனவரி ஒன்று. எங்கள் நிரல் இருவரையும் ஒருவராக்கிவிட்டது. சீவலப்பேரிக்காரருக்கு ஒரு ஊசி மருந்து ஒத்துக்கொள்ளாது. அது முறையாகப் பதிவாகியிருந்தது. கொற்கைக்காரருக்குப் போன மாதம்தான் அதே மருந்தைக் கொடுத்திருந்தார்கள், அவருக்கு ஒத்துக்கொண்டது. புதிய பதிவு பழையதை மூடிவிட்டது. திரையில் "ஒவ்வாமை இல்லை" என்று இருந்தது. அன்று வந்திருந்தவர் சீவலப்பேரி அம்மா; காய்ச்சலில் அனத்திக்கொண்டிருந்தார். கூட வந்த பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு எதுவும் தெரியாது. போன மாதம் கொடுத்த மருந்துதானே என்று சோதனை ஊசி போடாமல் நேராகக் கொடுத்துவிட்டார்கள். நர்ஸுக்குச் சந்தேகம் வந்து, அதை என்னிடம் கேட்டு, நான் தெளிவாக்கிய பிறகு.

பதினொன்றேகாலுக்கு மறுபடி அழைப்பு வந்தது, ஊசி போட்டதும் அந்த அம்மாவுக்கு மூச்சுத் திணறுகிறது என்று. நானும் மகளும் ஓடினோம். தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் நின்றபடி மகள் மடிக்கணினியைத் திறந்தாள். எந்த இடத்தில் சேர்க்கிறது என்று கேட்டேன். அடுத்தவர் வீட்டில் விளக்கு சுவிட்சைத் தடவித் தேடுவது போலத் தேடினாள். ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் அவள் பெயர்தான் இருந்தது. ஆனாலும் அவளுக்கு வழி தெரியவில்லை. "தெரியலப்பா, நான் இதை வாசிக்கல" என்றாள். என்னிடமிருந்து மடிக்கணினியை மறைப்பது போலத் திருப்பிக்கொண்டாள். அவளைத் திட்ட வாய் வரவில்லை. வாசித்த நான் என்ன கிழித்தேன்?

அந்தக் கருவியால் நாங்கள் பயன் அடைந்தோமா என்று இப்போது யாராவது கேட்டால் எனக்கு ஒரு பதில்தான் உண்டு. அடைந்தோம். இரண்டு வாரம் மிச்சமானது. அந்த இரண்டு வாரத்தில்தான் எனக்குச் சந்தேகம் வந்திருக்கும். ஏதாவது ஒரு மத்தியானம், நாலாவது முறை அதே இடத்தை எழுதும்போது, நம் ஊர்த் தேதிகளின் லட்சணம் நினைவுக்கு வந்திருக்கும். இப்படித்தான் என்னைத் தேற்றிக்கொள்கிறேன். அதிலும் எனக்கு முழு நம்பிக்கை இல்லை. மறுநாள் டீச்சருக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று காத்திருந்தேன். கேட்டு முடித்ததும், "நான் இருந்து சொல்லியிருந்தாலும், அவசரம் டீச்சர், அடுத்த வாரம் பாப்போம்னுதான் சொல்லியிருப்பீங்க அண்ணாச்சி" என்றார். கேலியாகச் சொல்லவில்லை. அதனால்தான் இன்னும் உறுத்துகிறது.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் இரண்டேகாலுக்கு டாக்டர் வெளியே வந்து, உயிர் போய்விட்டது என்று தலையை அசைத்தார். அந்த அம்மாவுக்கு ஒரே மகள். நடவுக்குப் போயிருந்தவளுக்குத் தகவல் சொல்லி ஆள் போயிருந்தது. எங்களை யாரும் நிற்கச் சொல்லவில்லை. கிளம்பிவிடலாம் என்று மகளின் கையைப் பிடித்தேன். "வா, இதையெல்லாம் ஆஸ்பத்திரிக்காரங்க பாத்துப்பாங்க. நீ ஒண்ணும் வாயைத் திறக்க வேண்டாம்" என்று காதருகில் சொன்னேன். முப்பது வருடம் நேர்மையாக வேலை பார்த்தவன் என்று சொல்லிக்கொள்ளும் நான் அதைத்தான் சொன்னேன். என் பிள்ளைக்கு இருபத்துநாலு வயது. அவள் கையை உருவிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தாள்.

மூன்று மணிக்கு டவுன் பஸ்ஸில் அந்த மகள் வந்து சேர்ந்தாள். நாற்பது வயதிருக்கும். முழங்கை வரை சேறு காய்ந்திருந்தது. உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வெளியே வந்தவள் அழவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். என் மகள் எழுந்து அவள் முன்னால் போய் நின்றாள். நான் தடுப்பதற்குள் பேசிவிட்டாள். "அக்கா, உங்க அம்மா பேரும் பிறந்த தேதியும் இன்னொருத்தங்களுக்கும் இருந்துச்சு. நான் போட்ட புரோகிராம் ரெண்டு பேரையும் ஒண்ணாக்கிட்டு. அதனாலதான் ஊசி மாறிப் போச்சு."

அந்தப் பெண் அவளை ஒரு நிமிடம் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். எங்கள் இருவரிடமும் கேட்பது போலத் தணிந்த குரலில் சொன்னாள்:

"எங்கம்மைக்குப் பொறந்த தேதியெல்லாம் தெரியாதும்மா. மொதத் தடவ இங்கன கூட்டிட்டு வந்தப்ப கட்டாயம் வேணும்னு கேட்டாங்க. நாந்தான் அட்டையப் பாத்துச் சொன்னேன். நான் தப்பாச் சொல்லிட்டனோ?"