மூன்றாவது வண்டி

என் அண்ணனின் கார் பழைய ஜெர்மன் டீசல் செடான். ஒரு மருத்துவர் ஓட்டி முடித்து விற்றது. கறுப்பு நிறம், தோல் இருக்கைகள். கதவைச் சாத்தினால் வெளியே ஓடும் கன்டெய்னர் லாரிகளின் சத்தம்கூடக் கேட்காது.

அண்ணன் ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலைக்கு ஒப்பந்தத் தொழிலாளர்களை அனுப்பிக்கொண்டிருந்தான். ஒப்பந்தம் வருடா வருடம் புதுப்பிக்கப்படும். புதுப்பிக்கும் முன் யாரிடம் ஒரு வார்த்தை கேட்பார்கள் என்பது எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். கட்சியின் மாவட்டச் செயலாளரிடம். அவரை யாரும் பெயர் சொல்வதில்லை, 'மாவட்டம்' என்பார்கள்.

மாவட்டம் கிளம்பினால் பின்னால் ஒரு வரிசை வண்டிகள் போகும். முதலில் அவர், அடுத்து ஒன்றியச் செயலாளர், மூன்றாவதிலிருந்து அவரவர் சாமர்த்தியம். முன்னால் வருகிறவன்தான் இறங்கி ஓடி அவருக்குக் கதவைத் திறக்க முடியும். பின்னால் வருகிறவன் வண்டியை நிறுத்துவதற்குள் அவர் மேடையேறியிருப்பார். அண்ணன் வெகு காலம் மூன்றாவதாக இருந்தான். புது எஸ்யூவிகள் வந்தபின் பின்னால் நழுவிக்கொண்டே போனான்.

"நேர் ரோட்டுல ஒண்ணும் இல்ல பாப்பா. பேரிகேடு தாண்டி எடுக்கறப்பதான் நம்மள வுட்டுட்டுப் போறானுங்க. இன்ஜின் பவர ஏத்தணும்," என்றான்.

நான் ஓர் இன்ஜின் ஆலையின் சோதனைப் பிரிவில் இருக்கிறேன். இன்ஜினைப் பூட்டிவைத்து ஓடவிட்டு, அது எங்கே தோற்கிறது என்று பார்ப்பது என் வேலை. அதனால் வரிசையாகச் சொன்னேன். முதலில் பிரேக், டயர். அடுத்து கியர்பாக்ஸ் ஆயில். பிறகு ரேடியேட்டர், தெர்மோஸ்டாட், வாட்டர் பம்ப். இன்ஜினுக்குள் காற்றைத் திணிக்கும் டர்போவின் ரப்பர் குழாய்கள். பவர் கடைசியில்.

"இவ்ளோத்தையும் முடிக்கறதுக்குள்ள எலக்‌ஷனே வந்துடும்," என்றான்.

மண்ணூர் பக்கம் ஒரு தகரக் கொட்டகையில் ஒருவர் லேப்டாப்பைச் செருகி, இன்ஜினின் கம்ப்யூட்டரில் இருந்த அளவுகளை மாற்றினார். டீசல் கூடுதல், டர்போவின் காற்றழுத்தம் கூடுதல். சூடு ஏறினால் பவரைத் தானாகக் குறைக்கும் காப்பு ஒன்று உண்டு. அதை என்ன செய்தீர்கள் என்று கேட்டேன்.

"அது ரோதனைங்க மேடம். நடுரோட்டுல பவர கட் பண்ணும். தூக்கிட்டேன்."

திரும்ப வைக்கச் சொன்னேன். அவர் அண்ணனைப் பார்த்தார். "வேணாம், வுடுங்க," என்றான் அண்ணன். கொட்டகையை விட்டு வெளியே எடுத்ததும் வண்டி எங்களை இருக்கையோடு அழுத்தியது. அண்ணன் சிரித்தபடியே ஓட்டினான்.

ஒப்பந்தம் முடிய ஒரு வாரம் இருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீபெரும்புதூரிலிருந்து வாலாஜாபாத்தில் ஒரு கட்சிக்காரர் வீட்டுத் திருமணத்துக்கு மாவட்டம் போவதாக இருந்தது. காரில் ஒரு சிறு கருவியைச் செருகி, இன்ஜினின் அளவுகளை போனில் பார்த்துக்கொள்ள நானும் கூடப் போனேன். காலையில் பார்த்தால், காரின் முன்பக்க கிரில் முழுவதையும் மறைத்து மாவட்டத்தின் முகம் அச்சிட்ட ஃப்ளெக்ஸ் கட்டியிருந்தது.

"ரேடியேட்டருக்குக் காத்து போற வழிண்ணா அது. அவுத்துடு."

"அவரு மூஞ்ச அவுக்கச் சொல்றியா? எல்லா வண்டிலயும் கீது."

"அவங்க பவர் ஏத்தலையே. பின் கண்ணாடியில ஒட்டிக்கோ."

"அப்பறம் அவரு மிரர்ல பாத்தா நம்ம வண்டின்னு எப்டித் தெரியும்?"

"சரி, ஓட்டையாவது போடு."

"எங்க போடறது, கண்ணுலயா, வாயிலயா?"

ஒரகடம் தாண்டுவதற்குள் அண்ணன் மூன்றாவதாகிவிட்டான். அதுவரை அந்த இடத்தில் இருந்த வெள்ளை எஸ்யூவிக்காரர் பக்கவாட்டில் வந்து கண்ணாடியை இறக்கினார். "இன்னாபா, டாக்டர் வண்டிக்கு குளுக்கோஸ் ஏத்திட்டியா?" அண்ணன் கையைத் தூக்கிக் கும்பிட்டான்.

வாலாஜாபாத் சாலையில் இன்ஜினின் சூடு ஏறத் தொடங்கியது. ஏசியை அணைத்தேன். ஹீட்டரை முழுதாகத் திறந்தேன், இன்ஜினின் சூட்டில் கொஞ்சம் உள்ளே இறங்கட்டும் என்று. வெளியே வெயில், உள்ளே அடுப்புக் காற்று. அண்ணனின் வெள்ளைச் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. பவரைக் குறைக்க வேண்டிய காப்பு இல்லாததால் வண்டி அதே வேகத்தில் இழுத்தது.

"நிறுத்துண்ணா. இப்ப ஆற வச்சா தப்பிச்சுடும்."

"கொஞ்ச தூரந்தாம்மா."

"இன்ஜின் போயிடும்."

"நின்னா எல்லாமே பூடும்."

பிறகு போனில் எண் சட்டென்று இறங்கியது. "பாத்தியா, கொறையுது," என்றான். தண்ணீர் முழுக்க ஆவியாகிப் போய், சூட்டை அளக்கும் சென்சார் தண்ணீர் தொடாமல் நின்றால்தான் எண் அப்படி இறங்கும். அதைச் சொல்லி முடிப்பதற்குள் கீழே இரும்பு இரும்பை உரசும் ஒலி கேட்டது. இன்ஜின் நின்று ஸ்டீயரிங் கனத்தது. இரண்டு கைகளாலும் திருகி ஓரத்துக்குக் கொண்டுவந்தான்.

வரிசை முழுவதும் எங்களைத் தாண்டிப் போனது. சிலர் ஹாரன் அடித்தார்கள். யாரும் நிற்கவில்லை. அண்ணன் பானெட்டைத் திறக்கவில்லை. கடைசி வண்டி மறைந்த பிறகும் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அடுத்த வாரம் ஒப்பந்தம் வெள்ளை எஸ்யூவிக்காரருக்குப் போனது. அதே தொழிலாளர்கள், அதே லைன், அதே சீருடை. அடையாள அட்டையில் ஒப்பந்ததாரரின் பெயர் மட்டும் மாறியது. இன்ஜினைப் பிரித்துப் பார்த்தேன். பிஸ்டன்கள் சிலிண்டரோடு இறுகியிருந்தன. காப்பாற்ற எதுவும் இல்லை.

சில மாதங்களுக்குப் பின் அண்ணன் கேட்டான். "உங்க கம்பெனில பஸ் ஓட்ட ஆள் எடுக்கறாங்களாமே?"

எங்கள் கம்பெனி பஸ்களையும் இப்போது அந்த வெள்ளை எஸ்யூவிக்காரர்தான் ஒப்பந்தம் எடுத்து ஓட்டுகிறார் என்று சொன்னேன்.

"தெரியும்மா," என்றான். "நான் போய்க் கேட்டா நல்லா இருக்காது. நீ கேளு."

கேட்டேன். அண்ணனை முதல் ஷிப்டு பஸ்ஸுக்கு வரச் சொன்னார்.