எட்டாவது சுற்றில் லெஸ்டர் சொன்னது

லெஸ்டர் கோவாக் வானொலிக்கு வந்தது தானிய விலை வாசிக்கத்தான். ஓஹையோ ஆற்றங்கரையில், பிரைஸ்டன் ஊரின் மாட்டுத்தீவனக் கடையில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தவர். தினமும் பகல் பன்னிரண்டு மணிக்கு நிலையத்துக்குப் போய், சோளம் என்ன விலை, பன்றி என்ன விலை என்று பத்து நிமிடம் வாசிப்பார். ஐம்பத்தொன்றாம் வருஷம் பேஸ்பால் வர்ணனையாளருக்குத் தொண்டை கட்டிக்கொள்ள, ஒரே ஒரு நாளைக்கு என்று லெஸ்டரை மைக் முன்னால் உட்கார வைத்தார்கள். முப்பத்துநாலு வருஷம் எழுந்திருக்கவில்லை.

தொடக்கத்தில் சுமார்தான். பந்து பறந்தால் இவரும் 'போச்சு போச்சு' என்று கூடவே கத்துவார். போலியோவில் விழுந்து மருத்துவமனையிலேயே கிடந்த அக்கா எட்னாவைப் பார்க்கப் போனபோது அவள் சொல்லிவிட்டாள்.

"போச்சு போச்சுங்கிறியே, எங்கடா போச்சு? பாத்துட்டு இருக்கறவனுக்கு நீ எதுக்கு? நான் இங்க கூரையப் பாத்துட்டுக் கெடக்கேன். எனக்குச் சொல்லு."

அன்றிலிருந்து அவர் எதையும் விடவில்லை. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது, யார் சட்டையில் சேறு, யார் புது ஷூ கடித்து நொண்டுகிறான், எல்லாம் சொல்வார். இரண்டு நிமிடத்துக்கு ஒரு தரம் ஸ்கோர். பட்டாணி உரிக்கிற பெண்களும் லாரி ஓட்டுகிறவர்களும் அவரை வீட்டு ஆள் மாதிரி 'லெஸ்டர்' என்றே சொன்னார்கள்.

அறுபத்தாறு ஜூலையில், ஒரு சனிக்கிழமை மதியம் வினை வந்தது. ஊர் அணிக்குப் பந்து வீசியவன் டேல் ஹட்சின்ஸ், பண்ணை வீட்டுப் பையன். மொத்தம் ஒன்பது சுற்றில் ஏழு முடிந்தும் எதிரணி அவன் பந்தில் ஒரு அடிகூட அடிக்கவில்லை. இப்படிப் போகும்போது யாரும் அதை வாயால் சொல்வதில்லை. சொன்னால் கெட்டுவிடும் என்று ஒரு பயம். சக ஆட்டக்காரர்களே அவன் பக்கத்தில் உட்காராமல் தள்ளிப் போனார்கள். லெஸ்டருக்கு அது பிடிக்கவில்லை. இப்போதுதான் வானொலியைத் திருப்பியவனுக்கு எப்படித் தெரியும்? எட்டாவது சுற்று தொடங்கும்போது சொல்லிவிட்டார்: டேல் இதுவரை ஒரு அடிகூடக் கொடுக்கவில்லை.

ஒன்பதாவது சுற்றில், இன்னும் ஒரே ஆளை வெளியேற்றுவது பாக்கி. குள்ளமான ஒருவன் வந்து தட்டிய பந்து, தடுக்க நின்றவர்களின் தலைக்கு மேலே போய்ப் புல்லில் விழுந்தது; எதிரணிக்கு முதல் அடி. ஊர் அணி ஒன்றுக்குப் பூஜ்யம் என்று ஜெயித்தது. ஒருவர் முகத்திலும் சிரிப்பில்லை.

திங்கட்கிழமை முடிதிருத்தும் கஸ் பப்பாஸ், கத்தரியை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"இன்னும் அரை மணி நேரம் வாய மூடிட்டு இருந்தா செத்தா போயிடுவே, லெஸ்டர்?"

கோபத்தில் கஸ் இடது கிருதாவை ஒரு விரற்கடை மேலே ஏற்றிவிட்டதை லெஸ்டர் வீட்டுக் கண்ணாடியில்தான் பார்த்தார். தானிய விலையோடு நின்றிருக்கலாமோ என்றுகூட அவருக்குத் தோன்றியது.

மறுநாள் ஆட்டத்துக்கு முன்னால் டேல் வர்ணனை அறைக்குப் படியேறி வந்தான். தொப்பி கையில். லெஸ்டர் மன்னிப்புக் கேட்க எழுந்தார். அவன் விடவில்லை.

"சார், எங்கம்மா சமையக்கட்டுல கேட்டுட்டு இருந்தாங்க. நீங்க சொன்னதும் வயலுக்கு ஓடிப் போய் அப்பாவ டிராக்டர்லேந்து எறக்கிக் கூட்டிட்டு வந்தாங்களாம். அவரு என் ஆட்டத்த ஒரு நாளும் கேட்டதில்ல. பந்து எறியறது ஒரு பொழப்பாம்பாரு. கடைசி வரைக்கும் நின்னுக்கிட்டே கேட்டாராம்."

"அப்புறம் என்ன சொன்னாரு?"

"அந்தக் குள்ளனுக்கு இன்னும் கொஞ்சம் கீழ போட்டிருக்கணுமாம்."

லெஸ்டர் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவர் கேட்டுக்கொண்டதால் டேல் அதை அன்று மைக்கிலும் சொன்னான். ஊரின் கோபம் ஆறிப்போனது. கஸ் வலது கிருதாவையும் அதே அளவுக்கு ஏற்றிவிட்டார்.

எண்பத்தைந்தில், ஓய்வு பெறும் நாளில், ஆட்டத்தைத் தொடங்கிவைக்கும் சடங்குக்கான முதல் பந்தை அவரையே எறியச் சொன்னார்கள். எறிந்துவிட்டு, மூச்சு வாங்க மேலே ஏறி மைக் முன்னால் உட்கார்ந்தார்.

"பந்து போய்ச் சேர்றதுக்குள்ள ரெண்டு தடவ தரையில குத்திடுச்சு. எறிஞ்சவன் கிழவன். வடக்குக் காத்து. ஸ்கோர் பூஜ்யம், பூஜ்யம்."