மரகதத்தோட ஜில்லுத் தரை

சுங்குவார்சத்திரத்துல பஸ்சு நிக்கிற எடத்துலேர்ந்து உள்ள நடந்தா நாலாவது தெரு, அதுல மரகதம் வூடு. புருசன் நடேசன் போயி பன்னெண்டு வருசம் ஆச்சு. அவன் வச்சிட்டுப் போனது ரெண்டு எருமையும் ஒரு ஓலக் குடிசையுந்தான். ரெண்ட அஞ்சாக்கி, ரோட்டு மேல கீற டீக்கடைங்களுக்கெல்லாம் பால் ஊத்தி, அந்தக் காசுலயே கல்லும் மண்ணும் எறக்கி, எண்பத்தெட்டுல தளம் போட்ட வூடு கட்டிட்டா. வாயி மட்டும் நீளம். அந்த வாயி இல்லன்னா டீக்கடைக்காரங்க கிட்ட பால் காசு வந்திருக்காது, அதனால அதக் கொற சொல்லிப் பிரயோசனம் இல்ல.

வூட்ல அவ உசுரே கூடத்துத் தரைதான். செவப்பு சிமெண்டு. தேங்கா எண்ண தொட்டுத் தேச்சித் தேச்சி மூஞ்சி பாக்கிற மாதிரி வச்சிருந்தா. மத்தியானம் வேல முடிஞ்சா நடுக்கூடத்துல, ஜன்னலுக்கு நேரா, பாய்கூட போடாம சாஞ்சிடுவா. எம்மாம் வெயில் அடிச்சாலும் அந்த எடம் ஜில்லுன்னு இருக்கும். தெருப் பூனையும் அவ காலாண்ட வந்து சுருண்டுக்கும். இந்த மாதிரி தரை எவ வூட்ல கீதுன்னு வர்றவ போறவ கிட்டல்லாம் பீத்திக்குவா.

பின்பக்கம் ஒரு ரூமும் சமையக்கட்டும் வாடகைக்கு வுட்டிருந்தா. லூர்து மேரி, அவ புருசன் ஜோ, மூணு வயசுல ஒரு பொண்ணு. ஜோவுக்கு ரோட்டோரம் நட்டு போல்ட் கம்பெனில ஷிப்ட்டு வேல. மரகதத்துக்குப் புள்ள குட்டி கெடையாது. போன மழைக்கு அவ காய்ச்சல்ல கெடந்தப்ப பத்து நாள் கஞ்சி ஊத்துனவ மேரி. எருமையக் கண்டாலே பயப்படற பொண்ணு, அதுங்களுக்குத் தவிடு கரைச்சி வச்சா. அத மரகதம் மறக்கல. வாய்விட்டு ஒரு தடவகூட சொன்னதும் இல்ல.

தொண்ணூத்தொண்ணு பங்குனில ஆரம்பிச்சுது தொல்ல. கெணத்துலேர்ந்து மோட்டரு போட்டு மொட்டமாடித் தொட்டிய காலைல ரொப்புனா சாயங்காலம் கொழாயில காத்துதான் வருது. முன்னல்லாம் ரெண்டு நாள் தாங்குன தண்ணி. மரகதம் வேற எதையும் பாக்கல, நேரா பின்பக்கந்தான் பாத்தா. ஜோ யூனிபாரத்துல எண்ணக்கற, அத மூணு தடவ அலசுறா. புள்ளைக்கு ரெண்டு வேள குளியல். இங்க இன்னா கெடா மாட்டையா குளிப்பாட்டுறீங்கன்னு தெருவுக்கே கேக்கிற மாதிரி கேட்டா. மேரி அன்னிலேர்ந்து கொடத்துலயும் தவலையிலயும் புடிச்சி வரிசையா வச்சிக்கினா.

பின்பக்கத்துக்குப் போற வால்வு மரகதம் வூட்டு கொல்லச் செவுத்துல இருந்துது. காலைல ரெண்டு மணி நேரம், சாயங்காலம் ஒரு மணி நேரம்னு தெறந்து வுட்டா. அப்பவும் தொட்டி காலியாச்சு. நான் கண்ணசந்தா வந்து தெறந்துக்கிறாங்கன்னு முடிவு பண்ணிட்டா. ஒரு புதங்கெழம சங்கிலி சுத்தி பூட்டே போட்டுட்டா.

அந்தப் பூட்டப் பாத்துட்டுதான் மேரி வாயத் தெறந்தா. சத்தம்லாம் போடல.

"பெரிம்மா, திருடின்னு நேரா சொல்லியிருந்தாக்கூட பரவால்ல. பெரிய வெள்ளிக்கு ஊருக்குப் போறோம். ஈஸ்டர் முடிஞ்சி திங்கக்கெழம வந்து காலி பண்ணிடறோம். ஸ்ரீபெரும்புதூர்ல ஒரு ரூம் பாத்து வச்சிருக்காரு."

போனா போன்னுட்டா மரகதம். ஆனா அன்னிக்கு சோறு எறங்கல.

வெயாழக்கெழம காலைல அவங்க பஸ்சு ஏறுனாங்க. மரகதம் தொட்டிய ரொப்பி, பின்பக்கத்து வால்வு பூட்டி இருக்கிறத இழுத்துப் பாத்து, தானும் ரெண்டே ரெண்டு பக்கெட்டு புடிச்சிக்கினு ஒக்காந்தா. சாயங்காலம் மாடில ஏறி மூங்கில வுட்டுப் பாத்தா. முழங்கை அளவு தண்ணி இல்ல.

ஆளே இல்லாத வூட்டுல யாரு குளிச்சா? மரகதம் படியில ஒக்காந்துட்டா. அப்பவே தசரதனக் கூப்பிட்டிருக்கலாம். பைப்பு போட்டவன் அவன், தெருவு தாண்டினா அவன் வூடு. கூப்பிடல. ஸ்ரீபெரும்புதூர்லேர்ந்து தெரியாத ஒருத்தனக் கூட்டியாந்தா. அவன் தொட்டில வெடிப்புன்னு சிமெண்டு பூசுனான், நல்லா இருந்த கொழாய் மூணையும் மாத்துனான், காசு வாங்கிக்கினு போயே போய்ட்டான். சனிக்கெழம மறுபடியும் தொட்டி காலி.

தசரதன ஏன் கூப்பிடலன்னா, அவன் இன்னா சொல்லுவான்னு அவளுக்குத் தெரியும். வூடு முடியிறப்ப ஆனி கடைசி. ஐயரு குறிச்சிக் குடுத்தது ஒரே ஒரு முகூர்த்தம். அத வுட்டா ஆடி பொறந்துடும், பால் காய்ச்ச முடியாது. கரண்டு வரல, மோட்டரு ஓடல, தொட்டில ஒரு சொட்டு கெடையாது. பத்து நாள் பொறுத்தா கூடத்துக்கு அடியில போற பைப்புல தண்ணி வுட்டுப் பாத்துட்டு தரை மூடலாம்னு தசரதன் கெஞ்சுனான். ஒழுகுனா என் தலையில ஒழுகட்டும், நீ மூடுன்னு மரகதம் சொன்னா. மறுநாளே செவப்பு சிமெண்டு போட்டுட்டாங்க.

வேற வழியில்லாம சனிக்கெழமையே ஆளனுப்புனா. தசரதன் ரெஞ்சோட வந்தான். கொழாயப் பாக்கல, தொட்டியப் பாக்கல. கூடத்துல நின்னுக்கினு கேட்டான்.

"யக்கா, மத்தியானம் நீ எங்க படுப்ப?"

"இன்னாடா கேள்வி இது? அதோ, பூனை படுத்துக்கினு கீது பாரு, அங்கதான்."

பூனைய ஓட்டிட்டு உள்ளங்கைய வச்சான். பொறவு காத வச்சான். வெளிய வேகாத வெயிலு, தரை மட்டும் பானை மாதிரி குளுந்து கெடக்குது. இந்தக் குளிர்ச்சிய அவன் கிட்டயே எத்தினி தடவ பீத்திக்கினு இருந்தோம்னு மரகதத்துக்கு அப்பதான் ஒறைச்சுது. அன்னிக்குப் பேசுன பேச்ச இப்ப எடுத்து வைப்பான்னு காத்திருந்தா. அவன் எடுக்கல.

"அன்னிக்கு இந்த ஜாயிண்டுல சணல் மட்டுந்தான் சுத்துனேன் யக்கா. ஒழுகாம இருக்க மேல தடவுற பெயிண்டு தீந்து போச்சி. தண்ணி வுட்டுப் பாக்கிறப்ப பிரிச்சி சரியா பூட்டிக்கலாம்னு இருந்தேன்."

"நாந்தான் வுடல. தெரியுது. ஒடை."

உளி வச்சி ஒடைக்கிறப்ப அவ வெளிய போகல. நின்னு பாத்தா. ஒரு ஜாண் ஆழத்துல மண்ணு சேறா இருந்துது, தண்ணி நூல் மாதிரி பீச்சிக்கினு இருந்துது. ஒரு ஜாயிண்டோட போகல. மூணு வருசம் ஈரத்துல கெடந்து பைப்பு பூரா துரு ஏறி, ரெஞ்சு போட்டா கைல உதுருது. மொத்தத்தையும் எடுத்துட்டு புதுசா செவுத்து வெளியால ஓட்டணும். சினையா இருந்த எருமைய வித்துதான் பைப்பு எறக்குனா. அத அவ யாரு கிட்டயும் சொல்லிப் பொலம்பல.

திங்கக்கெழம மேரி வந்தா. சாமான் கட்ட கோணிச் சாக்கு வாங்கியாந்திருந்தா. ஜோ பத்து மணிக்குப் போயி புது ரூமுக்கு அட்வான்ஸு குடுக்கிறதா பேச்சு. கூடத்து வழியா பாத்தா, நடுவுல பாடை எறக்குற அளவு பள்ளம், செவப்புத் தரை சில்லு சில்லா குமிஞ்சி கெடக்குது.

மரகதம் பள்ளத்துக்கு அந்தாண்ட நின்னா. நாலு நாளா எப்பிடி ஆரம்பிக்கிறதுன்னு யோசிச்சி வச்சதெல்லாம் வரல.

"மேரி, தண்ணியத் தின்னது நீ இல்ல. நான் படுத்துக்கினு இருந்தேனே, இந்த எடம். உன்ன பேசுனதெல்லாம் தப்பு. பூட்டு போட்டது அதவிட தப்பு. போறதுன்னா போ, கோவத்தோட போவாத."

ஜோ அட்வான்ஸு காசு வச்ச பையத் தடவிக்கினு நின்னான். புள்ள எறங்கி சேத்துல கால வச்சிது, யாரும் தடுக்கல.

தசரதன் வெளியேர்ந்து கொரல் குடுத்தான், பின்பக்கத்து வால்வ எங்க வைக்கிறதுன்னு.

மரகதம் பதில் சொல்றதுக்குள்ள மேரி சொன்னா. "எங்க சமையக்கட்டுக்குள்ள வைங்கண்ணே. சாவி, சங்கிலி எதுவும் வேணாம். அப்பிடின்னா இருக்கோம் பெரிம்மா. இல்லன்னா இல்ல."

"அவ சொன்ன எடத்துல வையி"ன்னா மரகதம்.

பள்ளத்த மூடி சிமெண்டு போட்டாங்க. பழைய செவப்போட சேரல. நடுக்கூடத்துல நீளமா ஒரு சாம்பக் கலர் பட்டை. சித்திர வெயில்ல ஒருநாள் மத்தியானம், பழக்கத்துல மரகதம் போயி அங்கயே சாஞ்சா. பூனை ஒரு தடவ மோந்து பாத்துட்டு மேரி சமையக்கட்டுப் பக்கம் போயிடுச்சு.

மேரி வாசப்படியில ஒக்காந்து கீர ஆஞ்சிக்கினு இருந்தா. "இன்னா பெரிம்மா, தரை ஜில்லுன்னு கீதா?"

"அடுப்பாட்டம் சுடுது. போயி ஒரு பாய் எடுத்துக்கினு வா."