குங்குமம் பட்ட சிப்

ஏழு வருடம் ஒரே பொருளைக் கட்டிக்கொண்டு அழுதால், அதன் பெயரைக் கேட்டாலே கொட்டாவி வரும். எனக்கு வந்தது. திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் ஒரு பொறியியல் கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டே முனைவர் பட்டத்துக்குப் பதிந்தவள் நான். என் ஆராய்ச்சி மொத்தமும் விரல் நகத்தைவிடச் சின்ன ஒரு சிப். நாம் அனுப்பும் செய்தியெல்லாம் ஃபைபரில் ஒளியாக ஓடுகிறது. வழியில் உள்ள சந்திப்புகளில் அதை மின்சாரமாக மாற்றி, பிரித்து, மறுபடி ஒளியாக்குகிறார்கள். அதில்தான் நேரமும் போகிறது, சூடும் ஏறுகிறது. என் சிப் ஒளியை ஒளியாகவே பிரிக்கும். பிரிக்க வேண்டும். வெளிநாட்டில் செய்து வரவழைத்த அந்த ஒரே ஒரு சிப்பை அளந்து முடிக்க எனக்கு ஒரு மாதம்தான் பாக்கி இருந்தது. இரண்டு முறை நீட்டிப்பு வாங்கியாயிற்று, மூன்றாவது கிடையாது.

அந்த மாதத்தில்தான் ஆயுத பூஜை வந்தது. போர்வெல் போடும் ரிக் வண்டிகள் வாழைமரம் கட்டிக்கொண்டு ரோட்டை அடைத்து நிற்கும் ஊர் இது. ஒரு ஸ்பேனர்கூடப் பொட்டில்லாமல் தப்பாது. எங்கள் லேபைக் கூட்டித் துடைக்கும் அக்கா, லேசர் பெட்டியிலிருந்து ஆணி டப்பா வரைக்கும் சந்தனம் குங்குமம் வைத்துக்கொண்டே வந்தார். சிப் இருந்த மேசைக்கு வந்ததும் நின்றார்.

"ஏனுங்க மேடம், இதுக்குப் பொட்டு வெக்கலீங்களா? இதுக்குத்தான இத்தன பாடுபடறீங்க?"

"அதத் தொட்டுடாதீங்க அக்கா" என்று விரட்டாத குறையாகச் சொன்னேன்.

அவர் பொரி எடுத்துவரப் போனார். அவர் கேட்டது மட்டும் மனதை அரித்துக்கொண்டே இருந்தது. படித்த படிப்பெல்லாம் எங்கே போனதோ, மூடியைத் திறந்து, சிப் ஒட்டியிருந்த தட்டின் ஓரத்தில் நானே ஒரு சிட்டிகை குங்குமம் வைத்தேன். தலைக்கு மேலே மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது.

லீவு முடிந்து வந்து லேசரைப் போட்டால், மறுமுனையில் ஒளி வரவேயில்லை. மைக்ரோஸ்கோப்பில் பார்த்தேன். ஒளி நுழையும் வாசல்கள் முடியைவிட மெல்லியவை. அவற்றை அடைத்துக்கொண்டு சிவப்புத் துகள்கள், செங்கல் செங்கலாக.

பின்னால் நின்று திரையைப் பார்த்த அக்கா நெஞ்சில் கையை வைத்துக்கொண்டார். "ஐயோ சாமி, நாந்தானுங்க தெரியாம எங்கியோ கைய வெச்சுட்டனாட்ட இருக்குது."

இல்லை என்று சொல்ல ஒரு நொடி போதும். நான் சொல்லவில்லை. யார் மேலாவது கோபப்பட வேண்டும்போல இருந்தது, என் மேல் கோபப்பட எனக்குத் தெம்பில்லை. "பாத்து செய்யக் கூடாதா?" என்று கேட்டேன். கேட்டேவிட்டேன்.

மூன்று நாள் ஸ்பிரிட் தொட்ட பஞ்சுக்குச்சியால் துடைத்தேன். எட்டு வாசலில் ஏழு கீறிப் போயின. எட்டாவதில் ஒளி வந்தது. மங்கலாகத்தான் வந்தது, ஆனால் பிரிந்து வந்தது. சிரிக்கவோ அழவோ முடியாமல் எண்களைக் குறித்துக்கொண்டேன். ஆய்வேட்டுக்கு இது போதும் என்றார் என் நெறியாளர்.

மறுநாள் அக்கா மலைக்கோயில் விபூதியோடு வந்தார். என் சிப்புக்காகச் செருப்பில்லாமல் அத்தனை படியும் ஏறி வேண்டிக்கொண்டாராம். "உள்ள கொண்டாரமாட்டனுங்க. நீங்க வெளிய வாங்க சாமி" என்று லேப் வாசலிலேயே நின்றார். போய் நெற்றியைக் காட்டினேன். சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தேன். "ரொம்ப தேங்க்ஸ்க்கா" என்பதுதான் வந்தது.

இப்போது என் பெயருக்கு முன்னால் டாக்டர் இருக்கிறது. ஆய்வேட்டின் நன்றியுரையில் அக்காவுக்கும் ஒரு வரி உண்டு. படித்துக் காட்டியபோது முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்த மேசையில் இன்று சிப் இல்லை, பழைய விடைத்தாள் கட்டுகள்தான் கிடக்கின்றன. ஆனாலும் அவர் அதன் பக்கத்தில் வருவதில்லை. தள்ளி நின்று, துடைப்பத்தை எட்டி நீட்டித்தான் பெருக்குகிறார். நான் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.